கல்லுக்குக் கணக்கு உண்டு, தண்ணீருக்கு?

லாரி புறப்படுகிறது. கையிலே நடைச்சீட்டு இருக்கிறது. எந்தக் குவாரி, எத்தனை யூனிட் ஜல்லி, எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு — அத்தனையும் அந்தச் சீட்டிலே இருக்கிறது. அரசுக்கு ஒரு பங்கு. அதற்கு ‘சீனியரேஜ்’ என்று பெயர். குத்தகைதாரருக்கு லாபம், கிரஷர் உரிமையாளருக்கு விலை, லாரிக்கு வாடகை, வெடி வைத்தவனுக்கும் கல் சுமந்தவனுக்கும் கூலி. ஒரு கல்லுக்கு இத்தனை கணக்கு!

இருக்கட்டும், கணக்கு வேண்டியதுதான். நாம் கேட்பது வேறு. அந்தக் கல் இருந்த இடத்திலே தண்ணீரும் இருந்ததே, அதற்கு எந்த ஏட்டிலே கணக்கு? பாறையின் வெடிப்பிலே ஊறி, பக்கத்துக் கிணற்றிலே சுரந்து, குடத்திலே ஏறி, குழந்தையின் வாய்க்குப் போன தண்ணீருக்கு எவர் சீட்டு எழுதினார்? எவர் எடை போட்டார்? எவர் பொறுப்பேற்றார்?

கேட்டால், “இவர்கள் வளர்ச்சிக்கு விரோதிகள், கல் இல்லாமல் வீடு ஏது, சாலை ஏது, பாலம் ஏது?” என்று எதிர்க்கேள்வி போடுவோர் உண்டு. அவர்களுக்கு முதலிலே ஒன்று சொல்லிவிடுவோம். கல்லை எடுக்காதே என்று நாம் சொல்லவில்லை. கல்லுடைப்பவன் நம்மவன். ஜல்லி சுமக்கும் சித்தாள் நம் வீட்டுப் பெண். லாரி ஓட்டுபவனும், கொத்தனாரும், கம்பி கட்டுபவனும் நமது தோழர்கள். அவர்கள் வயிற்றிலே அடிக்க நாம் பேனா எடுக்கவில்லை. அவர்கள் வயிற்றுக்குள் போகும் தண்ணீருக்காகத்தான் எடுத்திருக்கிறோம்.

கல்லோடு இந்த மண்ணுக்குள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னைக்குப் பக்கத்திலே பல்லாவரத்தில், சரளை தோண்டிய ஒரு குழியிலே, ராபர்ட் புரூஸ் ஃபுட் எனும் நிலவியல் அறிஞர் ஆதிமனிதன் செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். நூல்கள் பிறக்கும் முன்பே, ஊர்கள் பிறக்கும் முன்பே, இங்கு ஒருவன் கல்லைக் கையிலெடுத்துப் பதம் பார்த்திருக்கிறான்! அவன் செதுக்கிய கல்லால் எந்த ஊற்றும் கெட்டதில்லை. இன்று நாம் ஒரே நாளில் உடைப்பதை அவனுடைய குலமே ஆயிரம் ஆண்டில் உடைத்திருக்காது. ஆகவேதான் அவனுக்குத் தேவைப்படாத விதிகள் நமக்குத் தேவைப்படுகின்றன.

அதே பல்லாவரம், திரிசூலம், பம்மல் வட்டாரத்து மலைகளும் பாறைகளும்தான் சென்னை நகரின் சாலைகளாகவும் கட்டடங்களாகவும் எழுந்து நிற்கின்றன. கல் எடுத்த இடமெல்லாம் குழி. அதிலே மழை பெய்தது; நீர் தேங்கியது. ஊரார் ‘கல்குட்டை’ என்றனர். அதிகாரிகள் ‘கைவிடப்பட்ட குவாரி’ என்றனர். எவரும் அதைச் செல்வமாகக் கருதவில்லை.

வந்தது 2017ஆம் ஆண்டு வறட்சி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றின. குழாயிலே காற்று வந்தது; குடங்கள் வரிசையிலே நின்றன. அப்போதுதான் குடிநீர் வாரியத்தார் குன்றத்தூர்ப் பக்கம் பார்வையைத் திருப்பினர். மாங்காடு அருகே சிக்கராயபுரத்திலே கைவிடப்பட்டுக் கிடந்த கல்குவாரிகளிலே நீர் தேங்கி நின்றது. சோதித்தனர். சுத்திகரித்தால் குடிக்கலாம் என்று கண்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடி லிட்டர் நீரைச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நகருக்கு வழங்கினர். 2019ஆம் ஆண்டு மறுபடி தாகம் வந்தபோது மறுபடியும் அதே குழிகள் கைகொடுத்தன.

தோழர்களே, இது சொல்லும் பாடம் யாது? நேற்று கல் எடுத்த குழி இன்று குடிதண்ணீர்க் குடம்! மாடியில் இருப்பவனும் குடித்தான். மண்குடிசையில் இருப்பவனும் குடித்தான். அந்தக் குழிகளிலே எவரேனும் கழிவு எண்ணெயை ஊற்றியிருந்தால், குப்பையைக் கொட்டியிருந்தால், சாக்கடையைத் திருப்பிவிட்டிருந்தால், அந்த வறட்சியில் கைகொடுக்க ஏது குழி? அப்படிப் பாழ்பட்ட பழைய குழிகள் எத்தனை என்பதை, புறநகர்ப் பக்கம் போய்வரும் தோழர்கள் நாம் சொல்லாமலே அறிவார்கள்.

கல் எடுக்கும் இடத்திலே தண்ணீர் கெடுவது எப்படி? விவரம் தெரிந்தால்தான் விவாதத்திலே வெல்ல முடியும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கலங்கல். பாறையைத் துளைக்கும்போது தூசு கிளம்புகிறது. அந்தத் தூசு தொழிலாளியின் நுரையீரலிலே படிந்து உயிரைக் குடிப்பது. ஆகவே நீர் தெளித்துத் துளைக்க வேண்டும். எம் சாண்ட் தயாரிப்பதற்கும் கல்லை அரைத்து நீர் விட்டுக் கழுவுகிறார்கள். இந்த நீரெல்லாம் பால்போல வெளுத்து, கல்மாவைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. “குழி வெட்டி விட்டிருக்கிறோம், அதிலே படிந்துவிடும்” என்பார்கள். படியுமா? அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க, 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள மணற்பொடிக்கு ஏறத்தாழ 2 நிமிடம் போதும். அதிலே பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டல் துகளுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கான நுண்மாவுக்கு 10 நாளுக்குக் குறையாது! துகளின் அளவு பத்திலொன்றானால் இறங்கும் வேகம் நூற்றிலொன்றாகிறது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வழிந்தோடும் சின்னஞ்சிறு குழி எதைப் பிடிக்கும்? மணலைப் பிடிக்கும், மாவை விட்டுவிடும். அந்த மாவு ஓடைக்குப் போய், ஏரிக்குப் போய், படுகையின் கண்களை அடைக்கும். ஏரியில் நீர் நிற்கும், கீழே இறங்காது, கிணறு ஊறாது.

நம் பாட்டிமார் கலங்கல் நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையைத் தேய்த்தார்கள். பிறகு படிகாரம் வந்தது. நுண்மாவைத் திரட்டிக் கீழே இறக்கும் வித்தை அது. பானைக்குத் தெரிந்த வித்தையைப் பல கோடி முதல் போட்ட கிரஷர் ஆலைக்கு மறந்துபோனது எப்படி?

இரண்டாவது, வெடிமருந்து. குவாரிகளில் பெருமளவு பயன்படும் கலவையில் 100 பங்கிலே 94 பங்கு அம்மோனியம் நைட்ரேட்; எஞ்சியது டீசல் போன்ற எண்ணெய். உப்பு கரைவதுபோல நீரிலே கரைவது இந்த நைட்ரேட். ஈரமான துளையிலே திணித்தாலும், தரையிலே சிந்தினாலும், வெடிக்காமல் மிச்சம் நின்றாலும், அடுத்த மழையிலே பாறை வெடிப்பு வழியாக இறங்கிவிடும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும்! குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாதென்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அதிலே தளர்த்தல் கிடையாது. காரணம்? அளவு மீறினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, குழந்தை நீலம் பாரித்துப்போகும். மலையிலே வைத்த வெடி தொட்டிலிலே வெடிக்கலாகுமா?

மூன்றாவது, எண்ணெய். பொக்லைனும் கம்ப்ரசரும் டிப்பரும் ஓடும் இடத்தில் டீசல் சிந்தாமல் இராது. பழைய எண்ணெயை மாற்றாமல் தீராது. சிமெண்டுத் தளமும் சுற்றுவரம்பும் இருந்தால் சிந்தியதை அள்ளி எடுக்கலாம். வெறும் பாறைமேல் சிந்தினால் அது வெடிப்பு வழியே கிணற்றுக்கு வந்து சேரும்.

நான்காவது, ஆழம். நம் நாட்டுக் கடும்பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர் பெரிய ஏரிபோலக் கீழே கிடக்கவில்லை. மேலே மக்கிய பாறையிலும் சரளையிலும், கீழே வெடிப்புகளிலும் இருக்கிறது. மேலேயுள்ள சரளைதான் மழையை வடிகட்டி உள்ளே அனுப்பும் சல்லடை. கிராவலென்று அதை அள்ளிக்கொண்டு போனால் சல்லடை போயிற்று. அழுக்கும் அப்படியே இறங்கும். அதற்கும் கீழே தோண்டி, ஊறிவரும் நீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து வெளியே இறைத்தால், பக்கத்து வயலின் கிணறு என்னாகும்? குவாரியில் மோட்டார் ஓடுகிறது. உழவன் வீட்டில் அடுப்பு அணைகிறது.

மணலும் சரளையும் எப்பேர்ப்பட்ட சல்லடை என்பதற்குச் சென்னைக் குடிநீர் வரலாறே சான்று. நூறாண்டுக்கு முன்பு கீழ்ப்பாக்கம் நீர் நிலையத்திலே ஊருக்கு நீரைச் சுத்தப்படுத்தியவை மணல் வடிகட்டிகள்தாம். மனிதன் செலவு செய்து கட்டும் அந்த வடிகட்டியை இயற்கை ஆற்றிலும் குன்றடியிலும் இலவசமாகக் கட்டி வைத்திருக்கிறது. இலவசம் என்பதாலேயே அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று!

நோய் சொன்னோம், மருந்தும் சொல்வோம். மந்திரம் ஏதும் வேண்டியதில்லை.

மேலேயிருந்து வரும் மழைநீர் குழிக்குள் விழாதபடி குவாரியைச் சுற்றி மாலைபோல வடிகால் வெட்டு. ஓடையை மறிக்காதே, மண் குவியலை ஓடைக்கரையிலே போடாதே. கழுவிய நீரை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று தொட்டிகளில் நிறுத்து. நுண்மாவு திரளப் படிகாரம் போடு. தெளிந்த நீரையே மீண்டும் எடுத்துக் கழுவு. அடியில் சேரும் சேற்றை அள்ளிக் காயவைத்து ஒதுக்கு. ஈரத்துளையில் நீரில் கரையாத வகை வெடிமருந்தைப் பயன்படுத்து. சிந்தியதைக் கூட்டி அள்ளு. டீசலுக்குத் தளம் கட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வெடி வைக்கும் முன்பே சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் தரத்தையும் சோதித்து எழுதி வை. பிறகு ஆண்டுதோறும், மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து ஊரறியச் சொல்.

இந்தக் கடைசி வேலைதான் உயிர்நாடி. ஏன்? கிணற்றில் நைட்ரேட் கூடியதென்று உழவன் புகார் சொன்னால், “அது உன் வயலில் போட்ட யூரியா, உன் ஊர்ச் சாக்கடை” என்பார்கள். அதுவும் பொய்யென்று தள்ள முடியாது; உரத்தாலும் சாக்கடையாலும் நைட்ரேட் வரும். முன்பே அளந்து வைத்த கணக்கு இருந்தால் மட்டுமே, எது யாரால் வந்தது என்பது தெரியும். கணக்கு இல்லாத இடத்தில் வழக்கு நிற்காது. அதனால்தான் தண்ணீருக்குக் கணக்கு வைக்கத் தயங்குகிறார்கள்!

“இத்தனையும் செய்தால் செலவாகுமே; குவாரியை மூடிவிடுவோம்; தொழிலாளி தெருவில் நிற்பான்” என்று மிரட்டல் வரும். தொழிலாளியின்மீது எவ்வளவு பாசம்! 2022ஆம் ஆண்டு மே மாதம் நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்தபோது, அதள பாதாளத்தில் சிக்கிய தொழிலாளர் 6 பேர். மாண்டவர் 4 பேர். அந்தப் பிணங்களை மேலே கொண்டுவர நாட்கள் ஆயின. ஆழத்துக்கும் சரிவுக்கும் விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த நான்கு குடும்பங்கள் விடை சொல்லும். தொழிலாளியின் பெயரைச் சொல்லி விதியைத் தளர்த்தக் கேட்பவர்கள், முதலில் தொழிலாளியின் தலைக்குமேல் தொங்கும் பாறையைப் பார்க்கட்டும். குவாரித் தொழிலாளியின் குடிசை எங்கே இருக்கிறது? குவாரியின் பக்கத்திலே. அவன் மனைவி தண்ணீர் எடுப்பது எங்கே? அந்தக் கிணற்றிலே. முதலாளி நகரத்திலே புட்டித் தண்ணீர் குடிப்பார். கெட்ட தண்ணீரை முதலில் குடிப்பவன் கல் உடைப்பவனேதான். கூலிக்காகத் தண்ணீரை விட்டுக்கொடு என்பது, சோறு போடுகிறேன், உன் சட்டியைக் கொடு என்பது போன்றது.

சட்டம் இல்லையா? சட்டத்துக்குக் குறைவில்லை. 1959ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் இருக்கின்றன. குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் கூடாது என்பது அவற்றிலே உண்டு. 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதிலே ‘ஓடை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? ஓடுகிற நீர்வழி மட்டுமல்ல, வறண்டு கிடக்கும் நீர்வழியும் ஓடைதான். நிலத்தடி நீரும் அதற்குள் அடக்கம். “இது வறண்ட ஓடைதானே, இங்கே என்ன மாசு?” என்று கேட்பவருக்குச் சட்டமே விடை வைத்திருக்கிறது. 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்றிருந்த காலத்தில், பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக்கிக் குத்தகை எடுக்கும் தந்திரம் நடந்தது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், அரியானாவிலிருந்து வந்த தீபக் குமார் வழக்கிலே உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது. சிறு குத்தகைக்கும் அனுமதி வேண்டும் என்றது. ஏட்டிலே அத்தனையும் உண்டு. மலையடிவாரத்திலே?

ஏடு நாட்டிலே நடமாட வேண்டுமானால், கேட்பதற்கு ஆள் வேண்டும். தாமிரவருணியில் மணல் கொள்ளை போனபோது, பொதுவுடைமை இயக்கத்து மூத்த தலைவர் நல்லகண்ணு அவர்கள், முதுமையைப் பொருட்படுத்தாது, தாமே நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். 2010ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆற்றிலே 5 ஆண்டுக்கு மணல் எடுக்கத் தடை விதித்தது. அவர் வேறு கட்சி. நாம் வேறு கட்சி. ஆனால் ஆற்றுக்குக் கட்சி உண்டா? நல்லது செய்தவரை நல்லவர் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றுமணல் குறைந்ததும் எம் சாண்ட் வந்தது. ஆற்றுக்கு அது நல்லது என்பதிலே ஐயமில்லை. ஆனால் எம் சாண்ட் வானத்திலிருந்து கொட்டவில்லை. மலையை உடைத்துத்தான் வருகிறது. ஆற்றிலிருந்த சுமை மலைமேல் ஏறியிருக்கிறது. ஆற்றுக்காக எழுந்த குரல் மலையடிக் கிணற்றுக்காகவும் எழாவிட்டால், ஒரு கண்ணுக்கு மருந்திட்டு மறுகண்ணைக் குத்திக்கொண்டவர் ஆவோம்.

இனி நம் வீட்டுப் பேச்சு. ஆட்சிகள் மாறியிருக்கின்றன; அமைச்சர்கள் மாறியிருக்கிறார்கள்; குவாரியின் வாசலிலே நிற்கும் கொடியும் ஆட்சிக்கு ஏற்ப மாறியிருக்கிறது. குழி மட்டும் மாறாமல் ஆழமாகிக்கொண்டே போகிறது. கழகத் தோழர் ஒருவர் குவாரி நடத்தினால், நாட்டுக்கே எடுத்துக்காட்டாக நடத்தட்டும். முதல் வடிகாலை அவர் வெட்டட்டும். முதல் கிணற்றுச் சோதனையை அவர் ஊரறியப் படிக்கட்டும். அப்படியின்றி, நமது கொடியைக் கட்டிக்கொண்டு ஊர்க்கிணற்றைக் கெடுக்கும் லாரி எதுவாயினும், அது எதிரியின் லாரியைவிட நமக்குக் கேடு செய்வது. கொடி கழகத்தின் மானம், களவுக்குப் போர்வையல்ல. ஊர்க் கிளைச் செயலாளர் பயப்பட வேண்டியதில்லை. ‘நம் ஆள்’ என்று வாய்மூடவும் வேண்டியதில்லை. கிணற்றை நம்பி வாழும் ஊர் முழுவதும் நம் ஆள்தான்.

என்ன செய்வது? 2022ஆம் ஆண்டு முதல், மார்ச் 22ஆம் நாள் உலக நீர் நாளிலும் கிராம சபை கூட்டுவதென்று தமிழ்நாட்டில் முடிவாயிற்று. குவாரி உள்ள ஊர்களில் அந்த நாளை வீணாக்காதீர். ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். குத்தகையின் எல்லையும் அனுமதித்த ஆழமும் எவ்வளவு, இப்போது எவ்வளவு? கழுவிய நீர் எங்கே போகிறது? சுற்றுக் கிணறுகளின் நீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, முடிவு என்ன? 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளையின் நிதியிலே இந்த ஊர்க் குடிநீருக்கு வந்தது எவ்வளவு? கல் தீர்ந்தபின் இந்தக் குழியை என்ன செய்யப்போகிறார்கள். வேலி போடுவது யார், குப்பை விழாமல் காப்பது யார்? பதில் வராவிட்டால் தீர்மானம் போடுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் கையிலே இருக்கிறது. அதன்படி மனுப் போடுங்கள். பதில் வந்தால் தேநீர்க் கடையிலே உரக்கப் படியுங்கள். படிப்பகம் வைத்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. படித்துக் காட்ட நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஐந்துக்கும் பதில் பெறும் ஊரிலே குவாரியும் நடக்கும், கிணறும் ஊறும். தொழிலாளிக்குக் கூலியும் கிடைக்கும், அவன் குழந்தைக்கு நல்ல தண்ணீரும் கிடைக்கும். கல் தீர்ந்த பிறகு மிஞ்சும் குழியும், ஒரு வறட்சி நாளிலே சிக்கராயபுரத்தைப்போல ஊரின் தாகம் தீர்க்கும். பதில் பெறாத ஊரிலே கல் லாரியேறிப் போய்விடும். லாபம் வங்கிக்குப் போய்விடும். கெட்ட தண்ணீர் மட்டும் ஊரிலே தங்கிவிடும்.

நடைச்சீட்டு இல்லாமல் ஒரு லோடு ஜல்லி போனால் லாரியைப் பிடிக்கிறார்கள். சோதனைச் சீட்டு இல்லாமல் ஒரு குவாரி நடந்தால் எதைப் பிடிப்பது என்று கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம், கல்லுக்குக் கணக்கு எழுதும் கை தண்ணீருக்கும் கணக்கு எழுதும் வரையில்!